ஸ்கேனில் தெரியாத காயம்



தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை யாராவது கை நீட்டி அடிப்பார்களா? நான் அடித்தேன்.

ஒரு சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கடா தம்பி" என்று என் பெரியவனிடம் சொல்லிவிட்டுத் தெருக்குழாய்க்குப் போனேன். குடத்தோடு திரும்பி வரும்போது வாசற்படியிலேயே தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. பால் பொங்கி வழிந்து, சுண்டி, பாத்திரம் கருகிக் கிடக்கிறது. அடுப்படிக்கு அடுத்த அறையில் அவன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். "உனக்கு மூக்கே இல்லியாடா?" என்று கத்திக்கொண்டே கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். பத்தொன்பது வயசுப் பிள்ளை. திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து வந்து கருகின பாத்திரத்தை அதிசயமாகப் பார்த்தான். அவ்வளவுதான்.

அவனுக்கு நிஜமாகவே மோப்பம் போய்விட்டது என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பத்து நாளையும், அதற்கு முன்னால் நான் அவனைத் திட்டின திட்டுகளையும் நினைத்தால் இன்னமும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. என்னைப்போல் இன்னொரு தாய் அறியாமல் கை நீட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். டாக்டரம்மா சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளையார்குப்பம் புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையின் மேல் இருக்கிற ஊர். பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. இராத்திரி பகல் என்று இல்லாமல் பஸ்ஸும் லாரியும் பறக்கிற சாலை அது. என் மகன் பாகூரில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். குறுக்கே ஒரு நாய். பிரேக் போட்டிருக்கிறான், வண்டி சறுக்கிவிட்டது. தலைக்கவசம் இருந்தது. எங்கே? வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருந்தது. "இந்தா இருக்குற பாகூருதானம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். "ஆமாம், இதுக்குப் போய் எதுக்கு" என்று நானும் பேசாமல் இருந்தவள்தான்.

தலையில் இரத்தம்கூட அதிகம் இல்லை. காதுக்கு மேல் ஒரு சிராய்ப்பு, பின்மண்டையில் ஒரு வீக்கம். பத்து நிமிஷம் போல் நினைவு இல்லாமல் கிடந்தானாம். வழியில் வந்த புண்ணியவான்கள் ஆம்புலன்சுக்குச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணைத் திறந்தான். ஆனால் சொன்னதையே சொன்னான். "வண்டி எங்கம்மா? வண்டி எங்கம்மா?" ஐந்து நிமிஷத்தில் ஏழு தடவை. பதில் சொல்லச் சொல்ல அது அவன் மனசில் நிற்கவே இல்லை.

அங்கே நர்ஸ் ஒரு காகிதத்தில் மார்க் போட்டுக்கொண்டே இருந்தார். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற ஊரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-ல் வகுத்த கணக்கு இது. உலகம் பூராவும் இதுதான் நடைமுறையாம். 13 முதல் 15 வரை என்றால் இலேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. ஒன்றுமே அசைவு இல்லாவிட்டாலும் 3 மார்க் உண்டு. என் மகனுக்கு முதலில் 13, மறுநாள் காலையில் 15. "பாஸாயிட்டான்" என்று நான் சாமிக்கு முடிந்து வைத்தேன்.

அந்த இரண்டு இராத்திரியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது என் மனசு பூராவும் திருக்கழுக்குன்றத்துப் பிள்ளை ஹிதேந்திரன்தான். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2008 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்ட பதினைந்து வயசுப் பையன். அப்பா அசோகன், அம்மா புஷ்பாஞ்சலி, இரண்டு பேருமே டாக்டர்கள். மூளை முழுவதும் செத்துவிட்டது, இனி மீளாது என்று தெரிந்ததும், அந்தத் துக்கத்திலும் மகனின் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். சென்னை நகரத்துப் போக்குவரத்தையே ஒதுக்கி, அவனுடைய இதயத்தை நிமிஷக் கணக்கில் கொண்டுபோய் ஒரு சிறுமிக்கு வைத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் என்பது வீட்டுக்கு வீடு பேச்சானதே அதற்குப் பிறகுதான். பெற்ற இரண்டு பேரும் டாக்டராக இருந்தும் திருப்ப முடியாத அடி அது. அதையெல்லாம் நினைத்துப் பார்த்து, என் பிள்ளை கண்ணைத் திறந்து பேசுகிறானே, இதுவே போதும் என்று இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, எல்லாம் நார்மல் என்று சொல்லி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"நார்மல்" என்ற அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வந்தவன் வேறு பிள்ளையாக இருந்தான்

முதல் பத்து நாள் தூங்கித் தூங்கி விழுந்தான். அடிபட்ட உடம்பு என்று விட்டுவிட்டோம். அப்புறம் இராத்திரியில் தூக்கமே இல்லை. டி.வி. சத்தம் ஆகாது, குழந்தைகள் சத்தம் ஆகாது, டியூப்லைட் வெளிச்சம் ஆகாது. கடைக்குப் போய்ப் புளியும் மிளகாயும் உப்பும் வாங்கி வாடா என்றால் புளியோடு திரும்பி வருவான். புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம். தங்கை ஏதோ விளையாட்டாகச் சொன்னதற்குத் தட்டை வீசி எறிந்தான். இதற்கு முன்னால் அதிர்ந்து பேசத் தெரியாத பிள்ளை.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர், "படிப்புக்குப் பயந்து நடிக்கிறான்" என்றார். எதிர்வீட்டு அக்கா, "விழுந்த இடம் சரியில்ல, காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சிடு" என்றார். என் மாமியார் மட்டும், "புள்ள முகமே சரியில்லடி, திட்டாத" என்றார். அந்தக் கிழவி சொன்னதை நான் கேட்டிருக்கலாம். "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாங்க அத்த, இவனுக்குத் திமிரு" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பால் பொங்கிய நாள்.

தைலம் தேய்த்தும் தலைவலி விடவில்லை என்று பத்து நாள் கழித்து வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நரம்பு சம்பந்தப்பட்ட டாக்டர். அவர் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் மகனிடம் நிதானமாக அரைமணி நேரம் பேசினார். பிறகு அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு டப்பாவைத் திறந்து அவன் மூக்கருகே நீட்டினார். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே காபித்தூள் மணம் கமகமவென்று வருகிறது.

"என்ன வாசனை தம்பி?"

"எதுவும் வரலீங்களே டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"தெரியலீங்க. சாப்பாடு எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு. அம்மா மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

எனக்கு அந்த நாற்காலியிலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

தூக்குப்பாத்திரத்தில் தயிர்

"ஸ்கேன் நார்மல்னாங்களே டாக்டரம்மா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

தூக்குப்பாத்திரத்தில் கெட்டித் தயிரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போகிறோம். திடீரென்று பிரேக் போட்டால் பாத்திரம் நின்றுவிடுகிறது. உள்ளே தயிர் நிற்பதில்லை. ஒரு பக்கம் மோதி, மறுபக்கம் திரும்பி, சுழன்று, நடுவிலே கீறல் விடுகிறது. பாத்திரத்தில் ஒரு நசுங்கல்கூட இருக்காது. நம் மண்டையோடு அந்தத் தூக்கு. உள்ளே நீரில் மிதக்கிற மூளை அந்தத் தயிரைப் போல மெத்தென்றது. ஸ்கேன் என்பது எலும்பு முறிவையும், தேங்கி நிற்கிற இரத்தத்தையும், பெரிய வீக்கத்தையும் நன்றாகக் காட்டும். உயிரைக் காப்பாற்ற அவசரத்தில் அதுதான் முக்கியம். ஆனால் தயிரில் விழுந்த மயிரிழைக் கீறலை அது காட்டாது.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போல ஒரு இழை நீண்டு அடுத்ததைப் போய்த் தொடுகிறது. ஆக்ஸான் என்று பெயர். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. சேதி போவது இதன் வழியாகத்தான். சப்பாத்தி மாவை மெதுவாக இழுத்துப் பாருங்கள், நீளும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். இந்த இழைகளும் அப்படித்தானாம். நாம் ஓடினாலும் ஆடினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கண் மூடித் திறப்பதற்குள் தலை வேகமாகச் சுழன்று நின்றால்தான் சேதம்.

மூக்கு விஷயமும் இதுதான். மூக்கின் உச்சியில் சல்லடை போல ஓட்டை ஓட்டையாக ஒரு எலும்பு இருக்கிறது. மோப்பம் அறிகிற நரம்பு இழைகள் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே மூளைக்குப் போகின்றன. மூளை குலுங்கி நகரும்போது அவை சல்லடையிலேயே அறுபட்டுவிடும். பின்மண்டையில் அடிபட்டால்கூட இப்படி மோப்பம் போவது உண்டாம்.

பந்தலின் கட்டு அவிழ்ந்தால்

"அறுந்துபோச்சுன்னா அவ்வளவுதானா?" என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்ன பதிலில்தான் எனக்குக் கண் திறந்தது. பெரும்பாலான இழைகள் அடிபட்ட நிமிஷத்தில் அறுவதில்லையாம். உள்ளே குலைந்து, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நலிகின்றன.

ஒவ்வொரு இழைக்குள்ளும் நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. அவைதான் பாதை. அணுவின் நடுவில் தயாராகிற சரக்குகள் அந்தப் பாதை மேலேதான் கடைக்கோடிக்குப் போகின்றன. இந்தக் குழாய்களைப் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது 'டௌ' என்கிற புரதம். 1975-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில்தான் குழாய், அதைக் கட்டுகிற கயிறுதான் டௌ. அடிபட்டதும் இரண்டு சேதம் நடக்கிறது. மூங்கில் சில இடத்தில் முறிகிறது, கயிற்றின் முடிச்சும் நெகிழ்கிறது. பந்தல் அந்த இடத்தில் குழைந்துவிடுகிறது. வாய்க்காலில் மண் சரிந்தால் தண்ணீர் அதற்கு மேல் பக்கம் தேங்குகிற மாதிரி, போகிற சரக்கெல்லாம் அங்கே தேங்கி இழை புடைத்துக்கொள்கிறது. அப்படித் தேங்குகிறவற்றில் அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்று ஒன்று உண்டு. இறந்தவர்களின் மூளையைச் சோதிக்கிறவர்கள் அந்தத் தேக்கத்தைச் சாயம் ஏற்றிப் பார்த்துத்தான் இழை சேதப்பட்டதைக் கண்டுபிடிக்கிறார்கள். அடிபட்ட சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடுமாம்.

இன்னொரு பக்கம், சுண்ணாம்புச் சத்து என்கிறோமே, அந்தக் கால்சியம். நரம்பு அணுவுக்கு வெளியே அது நிறைய, உள்ளே அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும். இழை இழுபட்டதும் கதவு திறந்துகொண்டு உள்ளே கொட்டுகிறது. அதனால் கால்பெயின் என்ற ஒரு பொருள் விழித்துக்கொள்கிறது. அதன் வேலை புரதத்தை வெட்டுவது. வேண்டிய அளவுக்கு வெட்டினால் நல்லது. வெறி பிடித்தாற்போல் வெட்டினால்? இழையின் உள்சுவரில் கூடைப் பின்னல் மாதிரி ஸ்பெக்ட்ரின் என்று ஒரு புரதம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதையே நறுக்கிவிடுகிறது. அணுவுக்குச் சக்தி தருகிற உறுப்புகளும் களைத்துவிடுகின்றன. மூளையோ நம் உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் சாப்பிடுகிற உறுப்பு. அது பசியில் வாடினால் பிள்ளை தூங்கி விழாமல் என்ன செய்வான்?

இதை முதன்முதலில் தெளிவாக எழுதியவர் ஒரு பெண் டாக்டர் என்று படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சபீனா ஸ்ட்ரிச் என்று பெயர். தலையில் அடிபட்டு, பெரிய இரத்தக்கட்டு எதுவும் இல்லாமலே, புத்தி மீளாமல் கிடந்து இறந்தவர்களின் மூளையை இங்கிலாந்தில் அவர் ஆராய்ந்தார். மேலே பெரிதாகச் சேதம் தெரியவில்லை. ஆனால் உள்ளே வெள்ளைப் பகுதி முழுக்க நரம்பு இழைகள் அங்கங்கே அழிந்திருப்பதைக் கண்டு 1956-ல் எழுதினார். அவர் பார்த்தது மிகக் கடுமையான காயங்களை. என் மகனுக்கு வந்தது இலேசான வகை. இருந்தாலும் நோய் போகிற வழி ஒன்றுதான் என்றார் டாக்டரம்மா.

ஒரு துளி உறை

டௌ புரதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டவிழ்ந்த டௌ சும்மா இருப்பதில்லை. அதன்மேல் பாஸ்பேட் ஏறிக்கொள்கிறது. வடிவம் கெட்டு ஒன்றோடு ஒன்று சிக்குப் பிடிக்கிறது. அப்படிக் கெட்டது பக்கத்தில் இருக்கிற நல்லதையும் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். குடம் பாலில் ஒரு துளி உறை ஊற்றுகிறோம், விடிந்தால் குடமும் தயிர். அந்த மாதிரி. அல்சைமர் என்ற மறதி நோயிலும் இதே டௌ சிக்குத்தான் தென்படுகிறது.

ஒரே தடவை விழுந்தவர்கள் பயந்துவிட வேண்டாம். திரும்பத் திரும்ப அடிபடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து பெரிது. குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் நாளடைவில் தள்ளாடி, நாக்குக் குழறிப் போவதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதினார். நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர், 2002-ல் ஐம்பது வயசில் இறந்த மைக் வெப்ஸ்டர் என்கிற அமெரிக்கப் பந்தாட்ட வீரரின் மூளையில் இந்த டௌ சிக்கைப் பார்த்து, 2005-ல் உலகத்துக்குச் சொன்னார். அதனால்தான் ஒரு தடவை அடிபட்ட பிள்ளை முழுசாகத் தேறும் முன் மறுபடி தலையில் அடிபடக் கூடாது என்கிறார்கள். விளையாட்டுக்குக்கூட அவசரப்பட்டு அனுப்பக் கூடாது.

சேதப்பட்ட அணுக்களிலிருந்து கசிகிற புரதங்கள் சிறிது இரத்தத்திலும் கலக்கின்றன. அதை வைத்து, தலை ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவுகிற ஒரு இரத்தப் பரிசோதனைக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அறுந்த இழையை ஒட்டுகிற மருந்து இன்னும் வரவில்லை. மூளையில் முற்றிலும் அறுந்த இழை, கையில் வெட்டுப்பட்ட தோல் மாதிரி மறுபடி வளர்ந்து சேர்வதில்லை. தப்பிப் பிழைத்த அணுக்கள் புது வழி போட்டுக்கொள்ளும். அதற்கு நாளும் வேண்டும், ஓய்வும் வேண்டும், சுற்றி இருக்கிறவர்களின் பொறுமையும் வேண்டும்.

நாங்கள் செய்தது

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரரையும் மாமியாரையும் உட்கார வைத்துப் பந்தல் கதையைச் சொன்னேன். இவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் அவரே போய் மகனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்.

ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் சொன்னோம். கடைக்கு என்றால் சீட்டு எழுதிக் கொடுத்தோம். பாடம் இருபது நிமிஷம், பிறகு ஓய்வு. தலைவலி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். இராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து, செல்போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அப்பாவும் பிள்ளையும் வயல்வரப்பில் மெதுவாக நடந்துவிட்டு வருவார்கள். கோபம் வந்தால் எதிர்வாதம் செய்யாமல் அவனைத் தனியே விட்டோம். கோபத்தை அடக்குகிற இடமும் மூளையின் முன்பக்கம்தான் இருக்கிறது, அதுவும் அடிபட்டிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குடிப்பழக்கம் இருந்தால் அறவே கூடாது என்றும், வலிப்பு மாத்திரை கொடுத்திருக்கிற பிள்ளைகளுக்கு அதைத் தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். அடுப்படியில் கேஸை அவனை நம்பி விடுவதில்லை. மோப்பம் இல்லாதவனுக்குக் கசிவு தெரியாதே.

மூன்று மாதத்தில் தூக்கம் சரியாயிற்று. ஆறு மாதத்தில் தலைவலி குறைந்தது. ஒரு வருஷம் வீணாகப் போனாலும் மறுபடி படிக்கப் போகிறான். கோபம் இப்போதும் சில நாள் எட்டிப் பார்க்கும். அவனே எழுந்து வெளியே போய்விடுவான்.

சகோதரிகள் கவனத்துக்கு

தலையில் அடிபட்டவர் சாதாரணமாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கக் கூட ஆள் இருந்து கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாவது, கை கால் ஒரு பக்கம் தளர்வது, பேச்சு குழறுவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல அல்லது இரத்தமாகக் கசிவது, இதில் எது இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா, தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். சாலையில் விழுந்தவரைக் கழுத்தை மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று பயம் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

வீட்டில் பெரியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்தால், அன்றைக்கு ஒன்றுமில்லையே என்று இருந்துவிடாதீர்கள். வயதானால் மூளை சற்றுச் சுருங்குவதால் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டுக் கசியும். சில வாரம் கழித்துத்தான் நடை தள்ளாட்டமும் குழப்பமும் தலைகாட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் உடனே காட்ட வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மாருக்கு ஒன்று. குழந்தை விடாமல் அழுதால் நமக்கும் ஆத்திரம் வரும். எத்தனை ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடாதீர்கள். கழுத்து நிற்காத சிசுவுக்கு அந்த உலுக்கலே போதும், மூளையும் கண்ணும் கெட்டுவிடும். பாயில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் வாசலில் போய் நின்று வாருங்கள். அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கடைசியாகத் தலைக்கவசம். 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி அம்மா தாமே தெருவில் இறங்கித் தலைக்கவசம் இல்லாதவர்களை நிறுத்திக் கேட்டபோது, எங்கள் ஊரில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. "வேர்க்குது, முடி கொட்டுது, பூ கசங்குது" என்று நாம் சொல்லாத சாக்கா? 2022-ல் மட்டும் நம் நாட்டில் தலைக்கவசம் போடாமல் இரு சக்கர வாகனத்தில் போய் இறந்தவர்கள் 50,029 பேர் என்று அரசாங்கமே கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் பிள்ளையும் தலையில் பூவுமாகப் போகிறவர்கள் யார்? நாம்தானே!

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கிற தக்கை மாதிரியான அட்டை, அடிபடும்போது தான் நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்று அவகாசம் கொடுக்கிறது. அந்தக் கண நேர அவகாசத்தில்தான் இழைகள் பிழைக்கின்றன. சரியாகப் போட்டால் கடுமையான தலைக்காயத்தைப் பத்தில் ஏழு பங்கு குறைக்கும் என்று பல நாட்டு ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் போட்டும் பயனில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டதை மறுபடி போடாதீர்கள், உள்ளே நசுங்கியிருக்கும். நாலு வயசுக்கு மேல் பிள்ளைகளுக்கும் இது சட்டப்படி கட்டாயம். நான் இப்போது கொண்டையைத் தாழ்வாகப் போட்டு, பூவை இறங்கிய இடத்தில் வைத்துக்கொள்கிறேன். பூ வாடினால் நாளைக்கு வேறு வாங்கலாம்.

என் மகனுக்கு மோப்பம் இன்னும் திரும்பவில்லை. எலுமிச்சை, கிராம்பு, சாம்பிராணி என்று காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு வரும், சிலருக்கு வராதாம். விடியற்காலையில் நான் காபி போடும்போது அவன் பக்கத்தில் வந்து நின்று, டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "இன்னிக்கும் இல்லம்மா" என்று சிரித்துவிட்டுக் குடிப்பான்.

பாலை மட்டும் நான் இப்போது யாரையும் பார்க்கச் சொல்வதில்லை. பொங்குகிற வரைக்கும் நானே அடுப்பண்டை நிற்கிறேன்.